நாள் முழுவதும் சாப்பிடும் பிள்ளைக்கு மேசையில் பசிக்காது

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் இருக்கிறோம். மகனுக்குச் சென்ற மாதம் நான்கு வயது முடிந்தது. எடை 14.6 கிலோ. போன வருடம் கிளினிக் கொப்பியில் 12.6 என்று இருக்கிறது. சாப்பாடு என்றாலே ஓடுகிறான். காலையில் எழும்பியதும் சீனியும் மோல்ட் மாவும் போட்ட பால் ஒரு கப், முன்பள்ளிக்குக் கிரீம் பிஸ்கட்டும் பக்கெட் பாலும், மதியம் சோறு, பின்னேரம் பால் தேநீரும் பிஸ்கட்டும், இரவு இடியப்பமோ நூடில்ஸோ கொஞ்சம், படுக்கும்போது போத்தலில் மறுபடியும் அதே பால். மதியச் சோற்றை என் மாமிதான் தீத்துவார். தொலைபேசியில் கார்ட்டூன் ஓடினால்தான் வாய் திறப்பான். அப்படியும் ஒரு மணித்தியாலம் ஆகிறது. கீரை, மரக்கறி எதையும் தொடமாட்டான். கணவரும் அப்படித்தான். கீழ் மாடியில் இவனுடைய வயதுப் பிள்ளை 18 கிலோ. நான் வங்கியில் வேலை செய்வதால் பகலில் வீட்டில் இல்லை. ஏதாவது சொன்னால் மாமி மனம் நோகிறார். அவர் 1995 இடப்பெயர்வில் என் கணவரைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்கு நடந்தவர்; எதைச் சொன்னாலும் அந்தக் கதையில் வந்து நிற்பார். பசியைத் தூண்டும் பாணி மருந்து ஏதாவது கொடுக்கலாமா? பிறந்தநாள் வீடுகளில் கேக்கையும் சொக்லேட்டையும் மட்டும் அள்ளிச் சாப்பிடுகிறான், அது வேறு வெட்கமாக இருக்கிறது.
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: முதலில் எடையைப் பேசி முடித்துவிடுவோம். அந்த எண்தான் உங்கள் வீட்டில் எல்லோரையும் பயமுறுத்திக்கொண்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடத்தில் நான்கு வயது ஆண் பிள்ளையின் நடு எடை 16.3 கிலோ. எல்லாப் பிள்ளைகளும் எட்டியே தீர வேண்டிய எடை என்று இதற்குப் பொருள் இல்லை; நன்றாக வளரும் பிள்ளைகளில் அரைவாசிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். 12.7 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடை குறைவு என்று பதிவோம். கீழ் மாடிப் பிள்ளையின் 18 கிலோவும் சரியான எடை, உங்கள் மகனின் 14.6 கிலோவும் சரியான எடை. ஒரு வருடத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். இந்த வயதில் நாங்கள் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான். தனியாக ஒரு நாள் நிறுத்த எடையைவிட, கிளினிக் கொப்பியில் புள்ளிகளைச் சேர்த்துப் போகும் கோடுதான் முக்கியம். உங்கள் மகனுடைய கோடு தன் பாதையிலேயே ஏறிக்கொண்டிருக்கிறது.

மூன்று கிலோவாகப் பிறந்த பிள்ளை முதலாவது பிறந்தநாளில் ஒன்பது கிலோ ஆகிவிடும். அந்த வேகம் அதற்குப் பிறகு வருவதில்லை. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுவரை வருடத்துக்கு இரண்டு கிலோ அளவில்தான் ஏறும். வளர்ச்சி மெதுவானால் பசியும் குறையும். பெரும்பாலான வீடுகளில் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் தொலைபேசி வந்து சேர்வதும் அந்த வயதில்தான்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பிள்ளை சாப்பிடுவதில்லை என்று எழுதும் தாய்மாரிடம் நான் முதலில் கேட்பது, காலையிலிருந்து இரவு வரை வாய்க்குள் போன அத்தனையையும் எழுதித் தாருங்கள் என்பதைத்தான். நீங்கள் கேட்காமலே எழுதிவிட்டீர்கள். கூட்டிப் பார்ப்போம். ஐந்து தேக்கரண்டி முழு ஆடைப் பால்மா, இரண்டு தேக்கரண்டி மோல்ட் மா, இரண்டு தேக்கரண்டி சீனி: ஒரு கப்பில் ஏறத்தாழ 200 கலோரி இருக்கும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று; 400. முன்பள்ளிக்குக் கொண்டுபோகும் பக்கெட் பால் 130 அளவில். கிரீம் பிஸ்கட் நான்கு என்று வைத்தால் 200. பின்னேரப் பால் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் இன்னும் 180. எல்லாம் சேர்ந்து 900 கலோரியைத் தாண்டுகிறது.

நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறத்தாழ 1,250 கலோரி. மிச்சம் 350. உங்கள் மாமி ஒரு மணித்தியாலம் மன்றாடித் தீத்தும் மதியச் சோறும், இரவு கொறிக்கும் இரண்டு இடியப்பமும் சேர்ந்தால் அந்த 350 சரியாக நிரம்பிவிடும். கணக்கில் பிழையே விடாத பிள்ளை! அவனுடைய உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, போதும் என்று வாயை மூடுகிறது. பருப்பிலிருந்தும் மீனிலிருந்தும் கீரையிலிருந்தும் வரவேண்டியது பாலிலும் சீனியிலும் மாவிலும் வருகிறது என்பதுதான் குறை. பட்டியலை இன்னொரு தடவை பாருங்கள். அதில் காலைச் சாப்பாடு என்று எதுவுமே இல்லை. இனிப்புப் பாலைக் குடித்துவிட்டு வீட்டைவிட்டுப் புறப்படுகிற பிள்ளைக்குப் பத்து மணிக்கு பிஸ்கட் தேவைப்படுகிறது. பிஸ்கட் சாப்பிட்டவனுக்கு பன்னிரண்டரைக்குச் சோறு தேவைப்படுவதில்லை.

ஆகவே கீரையை எப்படித் திணிப்பது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். பாலில் தொடங்குங்கள்.

பால்மா இல்லாவிட்டால் பிள்ளை வளராது என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றியிருக்கிறது. 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற நாள்களில், அரிசி விலையைவிட அதைப் பற்றித்தான் பல தாய்மார் அதிகம் கவலைப்பட்டார்கள். பால் நல்ல உணவுதான். நான்கு வயதில் அது துணை உணவு, அவ்வளவே. ஒரு நாளைக்கு இரண்டு சிறிய கப், 400 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், போதும். அரை லீற்றருக்கு மேலே போனால் வயிறு நிறைவதோடு வேறொரு சிக்கலும் வருகிறது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கல்சியமோ மற்ற உணவிலிருந்து வரும் இரும்பையும் உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தடுக்கிறது. இரும்பு குறைந்த பிள்ளைக்குப் பசியும் குறையும். பசி இல்லையே என்று இன்னொரு கப் பால் கொடுப்போம். பிறகு ஏன் சாப்பிடவில்லை என்று கேட்போம். கல்சியத்துக்குப் பால் ஒன்றுதான் வழி என்றும் இல்லை: முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்தலியில் தாராளமாக இருக்கிறது, தயிரில் இருக்கிறது, எள்ளில் இருக்கிறது.

பின்னேரத் தேநீரை நிறுத்திவிடுங்கள். ‘பால் கலந்த தேநீர்தானே, சாயம் கொஞ்சம்தான்’ என்பார்கள். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பைத் தடுக்கும் வேலையைத்தான் செய்கிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குத் தேநீரால் எந்தப் பயனும் இல்லை.

போத்தலை இந்தக் கிழமையே குப்பையில் போடலாம். இனிப்புப் பாலோடு தூங்கும் பிள்ளையின் முன்பற்கள் என்ன ஆகும் என்பதைப் பல் வைத்தியரிடம் கேட்டுப் பாருங்கள். இரவுப் பாலைக் கப்பில், சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டு முடிந்ததும் கொடுத்து, பல் துலக்கிவிட்டுப் படுக்க வையுங்கள். சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் அவன் கப்பைத் தள்ளிவிடுவான். இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கி, நான்கைந்து நாள் கழித்து ஒன்றாக்கி, பிறகு அரையாக்கி இறக்குங்கள். உணவிலும் பானத்திலும் சேர்க்கும் சீனியும், தேன், பழச்சாறு போன்றவற்றில் உள்ள சர்க்கரையும் சேர்ந்து மொத்தக் கலோரியில் பத்து வீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், முடிந்தால் ஐந்து வீதத்துக்குக் கீழே என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் மகனுக்கு அந்த ஐந்து வீதம் 16 கிராம் அளவில் வரும். மூன்று தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட. இரண்டு கப் பாலில் நீங்கள் கையால் அள்ளிப் போடும் சீனியே நான்கு தேக்கரண்டி. மோல்ட் மாவிலும் பிஸ்கட்டிலும் பக்கெட் பாலிலும் இருப்பதை நான் இன்னும் எண்ணவில்லை.

பாலைக் குறைத்த இடத்தில் காலைச் சாப்பாடு வரவேண்டும். வேலைக்குப் போகும் தாயிடம் காலை ஆறு மணிக்கு மூன்று கறி வையுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. முந்தின இரவுப் பருப்பைச் சூடாக்கி இரண்டு இடியப்பம். அவித்த முட்டை ஒன்றும் பாண் துண்டு ஒன்றும். ஒன்றுமே முடியாத நாளில் ஒரு வாழைப்பழமும் கொஞ்சம் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். நேரமில்லாத வீட்டுக்கு இவ்வளவு போதும்.

அடுத்தது நேரம். சாப்பாட்டுக்கும் சிற்றுண்டிக்கும் நடுவில் இரண்டரை அல்லது மூன்று மணித்தியாலம் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். ஒரு பிஸ்கட்தானே, ஒரு மிடறு யோகட்தானே என்று வாய்க்குள் போகும் ஒவ்வொன்றும் பசியை அணைத்துவிடும். முறுக்கு டின்னும் பிஸ்கட் பெட்டியும் அவன் கைக்கு எட்டுகிற தட்டில் இருந்தால் மேல் தட்டுக்கு ஏற்றுங்கள். அதைவிட நல்லது, வாங்காமல் விடுவது. வீட்டில் இருக்கிற பிஸ்கட்டைக் கேட்டு அழும் பிள்ளையோடு நாள் முழுக்க வாதாட ஒருவராலும் முடியாது.

தொலைபேசிக்கு வருகிறேன். ‘நாங்களும் நிலாவைக் காட்டித்தானே ஊட்டினோம்’ என்று உங்கள் மாமி கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நிலாவைக் காட்டி ஊட்டுகிறவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளை தலையைத் திருப்பினால் கை நிற்கும்; கதை கேட்டால் கதை வளரும். திரைக்கு இது எதுவும் தெரியாது. கார்ட்டூனில் ஆழ்ந்திருக்கும் பிள்ளைக்கு வாயில் இருப்பது மீனா பருப்பா என்று தெரிவதில்லை, வயிறு நிறைந்ததும் தெரிவதில்லை. தெரியாமல் விழுங்கிய கீரை தெரிந்த கீரை ஆகாது. ஒரு வருடம் அப்படி ஊட்டினாலும், திரையை அணைத்த அன்று அவனுக்கு அது புதுச் சாப்பாடாகத்தான் இருக்கும். அதோடு நான்கு வயதுப் பிள்ளைக்குத் தீத்த வேண்டிய அவசியமே இல்லை. கொட்டும், சிந்தும், பருப்பு தலைமயிர் வரை போகும். நிலத்தில் ஒரு பழைய பத்திரிகையை விரித்துவிட்டு அவனைச் சாப்பிட விடுங்கள்.

எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்றப் போகாதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவுச் சாப்பாட்டை எடுங்கள். மேசையில் ஒரு தொலைபேசியும் இருக்கக்கூடாது, அப்பாவுடையது உட்பட. எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. அதில் அவன் வழக்கமாகச் சாப்பிடும் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்: இடியப்பமோ, வெறும் சோறோ, முட்டையோ. மற்றவற்றை வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். ‘ஒரு வாய்’ வேண்டாம், ‘அம்மாவுக்காக’ வேண்டாம், ‘நல்ல பிள்ளை’ வேண்டாம். இருபது நிமிடம் அல்லது அரை மணித்தியாலம் ஆனதும் தட்டை எடுத்துவிடலாம். கோபமும் தேவையில்லை, பேச்சும் தேவையில்லை. பசித்தால் அடுத்த வேளை வரும்.

இது எலின் சாட்டர் என்ற அமெரிக்கப் போசணை நிபுணர் வகுத்த முறை. என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளையின் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. என்ன வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்டு நூடில்ஸ் செய்வோம்; எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானித்துத் துரத்துவோம்.

முதல் மூன்று நான்கு நாள் கடினம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அழுவான், இரண்டு வாயோடு எழும்பிப் போவான், படுக்கும்போது பசிக்கிறது என்பான். அந்த நேரத்தில் போத்தலைக் கொடுத்தால் அவ்வளவும் வீண். இரவுச் சாப்பாட்டில் ஒன்றும் எடுக்காவிட்டால் படுப்பதற்கு முன் ஒரு வாழைப்பழம் என்று வீட்டு வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை. சுகமாக இருக்கும் பிள்ளை மூன்று நாள் குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. காய்ச்சலோ வயிற்றோட்டமோ இருக்கும் கிழமையில் மட்டும் இதைத் தொடங்க வேண்டாம்.

பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும் என்று பிள்ளைக்கே தெரியுமா என்ற சந்தேகம் பழையது. 1920களின் கடைசியில் கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் பால்குடி மறந்த 15 குழந்தைகளை வைத்து இதைச் சோதித்தார். 34 வகை உணவுகளிலிருந்து தட்டில் வைத்தவற்றில் குழந்தை கை நீட்டுவதை மட்டும் கொடுக்க வேண்டும். தாதிகள் ஒரு வார்த்தையும் சொல்லக்கூடாது. ஒரு குழந்தை சாப்பிட்ட மாதிரி இன்னொன்று சாப்பிடவில்லை, ஒரே குழந்தையே இன்று ஒன்றும் நாளை வேறொன்றும் சாப்பிட்டது. ஆனாலும் எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. இதைச் சொல்லி ‘பிள்ளை விரும்புவதைக் கொடுங்கள்’ என்று வாதிடுகிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். அந்த 34இல் சீனியும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை, டின்னில் அடைத்த எதுவும் இல்லை. தட்டில் எது வர வேண்டும் என்பதை டேவிஸ் தீர்மானித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் குழந்தைகளிடம் விட்டார்.

கீரைக்கும் மரக்கறிக்கும் இன்னும் கூடப் பொறுமை வேண்டும். இரண்டு வயதுக்கும் ஆறு வயதுக்கும் நடுவில் புது உணவைக் கண்டு பயப்படுவது பிள்ளைகளின் இயல்பு, கசப்பைப் பெரியவர்களைவிடக் கூடுதலாக உணர்வதும் இயல்பு. ஒரு புது உணவை எட்டு, பத்து, பதினைந்து தடவை கண்ட பிறகுதான் பல பிள்ளைகள் அதை வாயில் வைப்பார்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்றாவது தடவையோடு ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். கட்டாயப்படுத்துவதும் உதவாது. 2006இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் முன்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்தார்கள். ‘சூப்பைக் குடித்து முடியுங்கள்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அந்தச் சூப்பைப் பற்றிக் குறையும் கூடுதலாகச் சொன்னார்கள். ‘கீரை சாப்பிட்டால் சொக்லேட்’ என்ற பேரமும் வேண்டாம். கீரை ஒரு தண்டனை, சொக்லேட் ஒரு பரிசு என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து படிக்கிறான்.

முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ செய்யும் நாளில் அவனுடைய தட்டின் ஓரத்தில் ஒரு தேக்கரண்டியின் நுனியளவு வையுங்கள். சோற்றோடு குழைக்காதீர்கள், குழைத்தால் அவன் முழுச் சோற்றையும் தள்ளிவிடுவான், அது அவனுடைய உரிமை. தொடாவிட்டால் தொடாமலே இருக்கட்டும். சம்பலில் தேசிக்காய்ப் புளி பிழிவது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல. அதிலுள்ள விற்றமின் சி கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுகிறது. வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அன்று இது இன்னும் முக்கியம். மீன் கிடைக்கும் நாளில் நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களை மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். கத்தரிக்காயில் ஒன்று, பயற்றங்காயில் ஒரு பிடி அவன் தெரிவு செய்யட்டும். வீட்டுக்கு வந்ததும் பயற்றங்காயைக் கையால் முறிக்கும் வேலையை அவனிடம் கொடுங்கள். அன்றே சாப்பிடமாட்டான். ஆனால் பச்சை நிறத்தைக் கண்டதும் தட்டைத் தள்ளுகிற பிள்ளை, பச்சையான ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அரை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பான்.

‘கணவரும் அப்படித்தான்’ என்று ஒரு சின்ன வசனம் எழுதியிருக்கிறீர்கள். கீரையை ஒதுக்கி வைக்கும் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குக் கீரையின் பெருமையை யார் சொன்னாலும் எடுபடாது. அவர் கீரைப் பிரியராக மாற வேண்டாம். மகன் பார்க்கும்போது இரண்டு வாய், முகத்தைச் சுளிக்காமல். முப்பது வயதில் அவ்வளவாவது முடியும்.

உங்கள் மாமியைப் பற்றி. 1990களில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு, தட்டில் மிஞ்சும் சோறு நம் கண்ணில் படுவதுபோல் படாது. பொருளாதாரத் தடை, தட்டுப்பாடு, பிறகு 1995 ஒக்டோபரில் ஒரே இரவில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, கைக்குழந்தையோடு சாவகச்சேரிப் பாதையில் நடந்தது. அடுத்த வேளை எங்கிருந்து வரும் என்று தெரியாதபோது, கிடைத்த நேரத்தில் கிடைத்ததைப் பிள்ளைக்குத் தீத்திவிட வேண்டும். அன்று அதுதான் சரி. உங்கள் கணவர் வளர்ந்து ஆளானதே அதனால்தான். ஆகவே ‘நீங்கள் பிழையாகத் தீத்துகிறீர்கள், மாமி’ என்று தொடங்கும் எந்தப் பேச்சும் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய சாதனையைப் பிழை என்று சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கும். மனம் நோவதில் வியப்பில்லை.

கிளினிக் கொப்பியை அவருக்கு முன்னால் விரியுங்கள். கோட்டைக் காட்டுங்கள். ‘இவன் நன்றாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான் மாமி, நீங்கள் பார்த்துக்கொள்வதால்தான்’ என்று சொல்லுங்கள். அது உண்மையும் கூட. முடிந்தால் அடுத்த கிளினிக் நாளில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மருமகள் சொல்வதைவிட மருத்துவ மாது சொல்வது எளிதாகக் காதில் ஏறும். பிறகு அவருக்கு வேறு வேலை கொடுங்கள். தீத்துவதை எடுத்துவிட்டு வெறும் கையோடு விட்டால் அவர் திரும்பவும் கிண்ணத்தைத்தான் தூக்குவார். பின்னேரச் சிற்றுண்டி முழுக்க அவருடைய பொறுப்பு என்று விட்டுவிடுங்கள்: எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், அவித்த கௌபி, உழுத்தம் களி. இனிப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒடியற் கூழ் காய்ச்சத் தெரிந்த கைக்கு கிரீம் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுக்கும் வேலை பொருந்தாது. மதியச் சாப்பாட்டில் அவரும் தன் தட்டோடு பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பெரும்பாலான அப்பம்மாமார் பிள்ளை சாப்பிட்ட பிறகு தனியே சாப்பிடுகிறவர்கள். பெரியவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதையே அந்தப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. இடப்பெயர்வுக் கதையையும் அந்த நேரத்தில் சொல்லட்டும். கார்ட்டூனைவிட அது நல்ல கதை.

முன்பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அவித்த கடலை மென்மையாக இருந்தால் கொடுக்கலாம். வறுத்த கச்சான், கஜு போன்றவற்றை ஐந்து வயதுவரை முழுசாகக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் இறுகும். பக்கெட் பாலுக்குப் பதில் தண்ணீர்ப் போத்தல். ஜூஸ் பக்கெட் வாங்க நேர்ந்தால் அதிலுள்ள வர்ண அடையாளத்தைப் பாருங்கள். 2016இலிருந்து நம் நாட்டில் பானங்களுக்கு அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை. சிவப்பை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

பசியைத் தூண்டும் பாணி மருந்து வேண்டாம். அப்படிக் கொடுக்கப்படும் மருந்துகளில் சில உண்மையில் ஒவ்வாமைக்கான மருந்துகள். பசி கூடுவது அவற்றின் பக்கவிளைவு, தூக்க மயக்கமும் பக்கவிளைவு. நிறுத்தியதும் பசி பழையபடி ஆகிவிடும். விற்றமின் பாணியும் இந்த வீட்டுக்குத் தேவைப்படும் என்று எனக்குத் தோன்றவில்லை. பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று கொப்பியில் பாருங்கள். ஆறு மாதம் கடந்திருந்தால் கிளினிக்கில் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றை நான் கேட்க வேண்டும். மலம் ஒழுங்காகப் போகிறதா? பால் அதிகம், நார்ச்சத்து குறைவு என்ற இந்தப் பட்டியலில் மலச்சிக்கல் வராவிட்டால்தான் அதிசயம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை, இறுகிய உருண்டையாக, வலித்துப் போகிற பிள்ளைக்கு எவ்வளவு நல்ல சாப்பாடு வைத்தாலும் பசிக்காது. பப்பாசிப்பழமும் தண்ணீரும் கொடுத்துச் சரிவராவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பச்சை அரிசி போன்றவற்றைத் தேடிச் சாப்பிட்டால், வெளிறிச் சோர்ந்திருந்தால், விழுங்கும்போது அடிக்கடி புரையேறினால், சாப்பிடுகிற பொருள்களே நாலைந்தாகச் சுருங்கிவிட்டால், அல்லது கொப்பியில் கோடு கிடையாகப் போகவோ இறங்கவோ தொடங்கினால் மேலே சொன்னதெல்லாம் போதாது. பிள்ளை வைத்தியரைப் பாருங்கள். வீட்டில் தராசு இருந்தால் அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். கிழமைக்குக் கிழமை நிறுத்தால் 200 கிராம் ஏறுவதும் இறங்குவதும் உங்கள் நித்திரையைத்தான் கெடுக்கும். மூன்று மாதம் கழித்து கிளினிக்கில் நிறுங்கள்.

பிறந்தநாள் வீடு. கேக் சாப்பிடட்டும், இரண்டாவது துண்டு கேட்டால் அதையும் சாப்பிடட்டும். நாலு பேருக்கு முன்னால் கையிலிருந்து பறிக்க வேண்டாம், ‘வீட்டில் ஒன்றும் சாப்பிடமாட்டான்’ என்று மற்றத் தாய்மாரிடம் அவன் காதுபடச் சொல்லவும் வேண்டாம். போவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு வீட்டில் சோறோ பாணோ ஏதாவது வழக்கம்போல மேசையில் வையுங்கள். திரும்பி வந்த இரவும் வழக்கம்போல மேசையில் உட்காருங்கள். அன்று அவன் சாப்பிடாமல் எழும்பிப் போனால், தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு நீங்களும் போய்ப் படுங்கள்.